நீரை நிறுத்தி அனுப்பிய ஊர்

சித்திரை முடியும் தறுவாயில் தமிழ்நாட்டு நாள்காட்டிகளில் 'அக்னி நட்சத்திரம் ஆரம்பம்' என்று ஒரு வரி வரும். சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தைக் கடந்து போகும் நாள்கள் அவை. கத்திரி வெயில் என்று சொல்லி, மோரும் தர்பூசணியுமாக நாம் அவற்றைக் கடத்துவோம். கர்நாடகத்து உழவர்களும் அதே வானத்தை, அதே நட்சத்திரங்களை வைத்துத்தான் நாள் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் அவர்கள் நட்சத்திரத்தின் பெயரை மழைக்கு வைத்தார்கள்: அசுவினி மழை, பரணி மழை, கிருத்திகை மழை, ரோகிணி மழை. நமக்குக் கத்திரி வெயில் அடிக்கும் நாளில் அவர்களுக்குக் கிருத்திகை மழை பெய்கிறது. ஓசூரைத் தாண்டி மேட்டில் ஏறினால் இந்த வேறுபாட்டை உடம்பே உணரும்.

2025 மே 18, ஞாயிறு இரவு. பெங்களூருவில் கோடை மழை தொடங்கியது. திங்கள் காலை 8.30 மணிக்குள் நகர வானிலை நிலையத்தின் மழைமானி 100 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. ஹொரமாவு பகுதியின் சாய் லேஅவுட்டில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். மான்யதா டெக் பார்க்கின் சாலைகள் கால்வாய்களாயின. பெங்களூருவில் மே மாத மழையின் சராசரி ஏறத்தாழ 130 மில்லிமீட்டர். 2023, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மே மாதத்தில் மட்டும் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது.

கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர் இது. நடுவில் பேராறு எதுவும் ஓடவில்லை. கடலும் இல்லை, புயல் அலையும் இல்லை. மேட்டில் விழும் நீர் பள்ளத்துக்கு ஓடிவிடும் என்பது குழந்தைக்கும் தெரியும். பிறகு எப்படி இந்த ஊர் முழங்கால் தண்ணீரில் நிற்கிறது?

ஓடும் தண்ணீர் வழியில் எங்கே, எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. வெள்ளத்தின் அறிவியலில் பெரும்பகுதி, காத்திருப்பின் அறிவியல்.

கோடை இடிமழை பிறக்கும் விதம்

ஏப்ரல், மே மாதங்களில் தக்காண மேட்டுநிலம் காலையிலிருந்தே காய்கிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி, லேசாகி, மேலே எழுகிறது. மேற்கே அரபிக்கடலிலிருந்தும் கிழக்கே வங்கக் கடலிலிருந்தும் வரும் ஈரக்காற்றுகள் உள்கர்நாடகத்தின் மேல் ஒன்றையொன்று சந்திக்கின்றன. வெவ்வேறு திசைக் காற்றுகள் கூடும் அந்தக் கோட்டில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை.

மேலே போகும் ஈரக்காற்று குளிர்ந்து துளியாகிறது. ஆவி துளியாகும்போது அது உள்ளே பொதிந்து வைத்திருந்த வெப்பம் வெளிப்பட்டு, சுற்றியுள்ள காற்றை மேலும் சூடாக்கி, இன்னும் உயரத்துக்குத் தள்ளுகிறது. மேகம் தன்னைத் தானே ஊதிப் பெருக்கிக்கொள்வதுபோல வளர்கிறது. பிற்பகலில் வெள்ளைப் பஞ்சாகத் தெரிந்தது மாலைக்குள் 12 கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்த கருங்கோபுரமாகிறது. அதன் மேற்பகுதியில் நீர் உறைந்து ஆலங்கட்டியாகிறது. தாங்க முடியாத எடை சேர்ந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் இறங்குகிறது.

இப்படிப்பட்ட ஒரு மேகத்தின் ஆயுள் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அகலம் சில கிலோமீட்டர். எலகங்காவில் கொட்டும்போது ஜெயநகரில் சாலை காய்ந்து கிடப்பது இதனால்தான். மாங்காய் பழுக்கும் பருவத்தில் வருவதால் இதை மாங்காய் மழை என்கிறோம். இதே பருவத்தின் முன்மழைதான் குடகிலும் சிக்கமகளூருவிலும் காப்பிச் செடியைப் பூக்கவைக்கிறது. காலங்காலமாக இது வரவேற்கப்பட்ட மழை.

இன்று இதன் குணம் கூர்மையாகி வருகிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். சூடான உலகில் மேகத்தின் மூட்டை பெரிதாகிறது. அவிழும் நேரம் மட்டும் அதே ஒரு மணிதான்.

பனி என்னும் ஏரி

குளிர்நாடுகளில் இளவேனில் வெள்ளத்துக்கு வேறொரு தாய் உண்டு: உருகும் பனி. நவம்பரிலிருந்து மார்ச் வரை விழுந்த ஈரமெல்லாம் அங்கே ஓடாமல் நிலத்தின் மேல் வெள்ளையாக அடுக்கி நிற்கும். வெயில் ஏற ஏற மெல்ல உருகி ஆற்றில் இறங்கும். நம் இமயமலையும் இதைத்தான் செய்கிறது. சிந்துவும் கங்கையும் பிரம்மபுத்திராவும் கோடையில் வற்றாமல் ஓடுவதற்கு அந்த உருகுநீரும் ஒரு காரணம். பனி என்பது அணை இல்லாத நீர்த்தேக்கம். குளிர்காலத்து நீரைக் கோடைவரை காக்கவைக்கும் ஏற்பாடு.

அந்த ஏற்பாடு குலையும்போது என்ன ஆகும் என்பதை 1997 ஏப்ரலில் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் கண்டது. கடும் பனிக்காலத்துக்குப் பிறகு ரெட் ஆறு பெருகியது. நீர்மட்டம் 49 அடிவரை உயரும் என்று முன்னறிவிப்பு வந்தது. வாரக்கணக்கில் மணல் மூட்டை அடுக்கிக் கரையை உயர்த்தினார்கள். நீர் 54 அடியைத் தாண்டி வந்தது. ஏறத்தாழ முழு நகரமும் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கணிப்பு தவறியபோதும் ஒன்று மட்டும் அவர்களிடம் இருந்தது: நேரம். ஆற்று வெள்ளம் நாள்கணக்கில் நடந்து வரும். மேல்புறத்து ஊரில் ஏறிய நீர்மட்டத்தைப் பார்த்துக் கீழ்ப்புறத்து ஊர் எழுந்து போகலாம்.

திடீர் வெள்ளம் அப்படி வராது. மழை பெய்த ஆறு மணி நேரத்துக்குள் எழும் வெள்ளத்தைத்தான் வானிலையாளர்கள் அப்படி அழைக்கிறார்கள். நகரத்தில் அது அரை மணியிலும் வரும். பெங்களூருவில் பனி விழுவதில்லை. வானம் தானாக நீரைக் காக்கவைத்துத் தராது. அந்த வேலையை மண்வெட்டியும் கூடையும் கொண்டு மனிதர்கள் செய்தார்கள். ஏரி என்பது அவர்கள் வெட்டிவைத்த பனி.

முகட்டில் ஒரு ஊர்

பெங்களூருவின் தரை நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிறது, வீட்டுக் கூரையைப்போல. வடக்கு தெற்காக ஓடும் இந்த முகட்டின் மேற்கே விழும் மழை விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது. கிழக்கே விழும் மழை ஹெப்பாள் பள்ளத்தாக்கு, கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கு ஆகியவற்றின் வழியாகத் தட்சிண பினாகினிக்குப் போகிறது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் அந்த ஆற்றுக்கு ஓசூருக்கு இந்தப் பக்கம் நாம் வைத்த பெயர் தென்பெண்ணை.

பேராறு இல்லாத ஊரில் குடிப்பதற்கும் பயிருக்கும் மழைநீரைப் பிடித்துவைத்தாக வேண்டும். பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு மண்கரை. அதற்குக் கீழே வயல். வயலைத் தாண்டி இன்னொரு கரை, இன்னொரு ஏரி. மேல் ஏரி நிரம்பினால் மிகுநீர் கீழ் ஏரிக்கு இறங்கும். ஏரிகளைக் கோத்த அந்தப் பெருவாய்க்கால்களுக்குக் கன்னடத்தில் ராஜகாலுவே என்று பெயர். ஏரி நிரம்பி வழியும் இடத்தை அவர்கள் 'கோடி' என்கிறார்கள். வடதமிழ்நாட்டில் இன்றும் 'ஏரி கோடி போகுது' என்று ஊரே போய்ப் பார்க்கும். சொல்லும் ஒன்று, மகிழ்ச்சியும் ஒன்று.

இந்த ஏற்பாட்டின் பழமைக்குக் கல்லே சாட்சி. பெங்களூருவின் மடிவாளாவில் உள்ள சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. வெங்காலூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கொடையாகத் தந்த செய்தியை அது பேசுகிறது. கெம்பே கவுடா 1537-இல் கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இந்த மண்ணில் ஒரு நிலம் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஏரிதான் அடையாளமாக இருந்தது.

வெள்ளக் கணக்கில் இந்த ஏரிச் சங்கிலியின் பங்கு மிகப் பெரியது. சித்திரை வருவதற்குள் வயலுக்குத் திறந்துவிட்ட ஏரி பெரும்பாலும் வற்றியிருக்கும். கோடை இடிமழை கொட்டும்போது முதல் ஏரி வயிறு நிறைய வாங்கிக்கொள்ளும். நிறைந்தால்தான் அடுத்ததற்குப் போகும். ஒரு மணி நேரத்தில் விழுந்த மழை, பள்ளத்தாக்கின் அடிக்கு வந்து சேர நாள்கள் ஆகும். பல கோடைகளில் வந்தே சேராது.

ஒரு மணி நேரக் கணக்கு

ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. பெங்களூருவின் கோடை மாலைக்கு இது அதிசயமான அளவு இல்லை. விழுந்த நீர் 50,000 கன மீட்டர், அதாவது 5 கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 5,000 லாரி.

அந்த நிலம் மரமும் வயலும் புல்லுமாக இருந்தால், மழையின் தொடக்கத்தில் பத்தில் ஏழெட்டுப் பங்கு மண்ணுக்குள்ளும் குழிகளிலும் இலைகளிலும் தங்கும். இரண்டு மூன்று பங்குதான் ஓடும். அதே நிலம் கான்கிரீட்டாகவும் தாராகவும் கூரையாகவும் இருந்தால் ஒன்பது பங்கு ஓடும். முதல் நிலத்தின் வாய்க்காலில் விநாடிக்கு ஏறத்தாழ 4 கன மீட்டர் நீர் வரும். இரண்டாவதில் 12 கன மீட்டரைத் தாண்டும். மேகம் அதே மேகம். வெள்ளம் மூன்று மடங்கு.

இதற்கு மேலே இன்னொன்று உண்டு. அயர்லாந்துப் பொறியாளர் தாமஸ் மல்வனி 1851-இல் ஒரு எளிய உண்மையைச் சுட்டிக் காட்டினார். ஒரு வடிநிலத்தின் தொலைதூர மூலையில் விழுந்த துளி, வாய்க்காலின் வாயிலுக்கு வந்து சேர ஒரு நேரம் ஆகும். மழை அவ்வளவு நேரம் நீடித்தால்தான் எல்லா மூலைகளின் நீரும் ஒரே சமயத்தில் வாயிலில் கூடும். அப்போதுதான் வெள்ளம் உச்சத்தைத் தொடும். புல்லிலும் வரப்பிலும் தடுக்கித் தடுக்கி நகரும் நீருக்கு இந்தக் கூடும் நேரம் மணிக்கணக்கு. வழவழப்பான சிமென்ட் கால்வாயில் அது நிமிடக்கணக்கு. முன்பு அரை மணி மழையால் உச்சம் தொட முடியாத பள்ளத்தாக்கு, இப்போது அதே அரை மணியில் உச்சம் தொடுகிறது. கரைகளுக்குக் கான்கிரீட் பூசி நீரை விரைவாக அனுப்புவதாக நினைக்கும்போது, கீழே இருப்பவரின் வாசலில் அதை விரைவாகக் கூட்டிவைக்கிறோம்.

இந்திய அறிவியல் கழகத்தில் டி.வி. ராமச்சந்திராவின் குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இந்த மாற்றத்தை அளந்தது. 1973-இலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பெங்களூரு தன் பசுமையில் 88 சதவீதத்தையும் நீர்நிலைகளில் 79 சதவீதத்தையும் இழந்ததாக அவர்கள் கண்டார்கள். தர்மாம்புதி ஏரி இன்று கெம்பே கவுடா பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம். சூளை ஏரி கால்பந்து மைதானம். அக்கிதிம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானம். பள்ளத்தின் சரிவு மட்டும் மாறவில்லை. மழை தன் பழைய முகவரியைத் தேடித்தான் வருகிறது.

நிரம்பி நிற்கும் ஏரியின் ஆபத்து

'இன்னும் நூற்றுக்கணக்கில் ஏரிகள் இருக்கின்றனவே, அவை ஏன் காப்பாற்றவில்லை?' என்று கேட்கலாம். மிக நல்ல கேள்வி.

நூறு ஏக்கர் பரப்புள்ள ஓர் ஏரியில் ஒரு மீட்டர் உயரத்துக்குக் காலி இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 4 லட்சம் கன மீட்டர் நீர் கொள்ளும். எட்டு சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் 50 மில்லிமீட்டர் மழையை, ஒரு துளி வெளியே விடாமல் அந்த ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளும். வெள்ளத்தைத் தடுப்பது ஏரியில் உள்ள நீர் இல்லை; ஏரியில் உள்ள வெற்றிடம்.

அந்த வெற்றிடம் இன்று இல்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேட்டுக்கு ஏற்றி நகரம் குடிக்கிறது. குடித்தது, குளித்தது, துவைத்தது எல்லாம் கழிவுநீராகிப் பள்ளத்தாக்குகளில் இறங்குகிறது. மழைநீர் மட்டுமே ஓடிய ராஜகாலுவேயில் ஆண்டு முழுவதும் சாக்கடை ஓடுகிறது. கோடையில் வற்ற வேண்டிய ஏரி, சித்திரையிலும் கழுத்துவரை நிரம்பி நிற்கிறது. ஏறத்தாழ 900 ஏக்கர் பரப்புள்ள பெல்லந்தூர் ஏரி நுரை பொங்கியதையும், 2015-லும் 2017-லும் 2018-லும் அதன் மேல் தீப்பிடித்ததையும் உலகமே பார்த்தது. மாசின் அடையாளமாக அதைப் பேசினோம். வெள்ளத்தின் அடையாளமும் அதுவே. எப்போதும் நிரம்பியிருக்கும் ஏரி, மழைக்கு வெறும் தரைதான். வண்டல் படிந்து ஆழம் குறைந்த ஏரியும் அப்படியே.

2018 முதல் கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்கின் சுத்திகரித்த நீரைக் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். வறண்ட ஊருக்கு நீர் தரும் திட்டமாகத்தான் அது தொடங்கியது. பள்ளத்தாக்கில் சேரும் கழிவுநீரைக் குறைக்கும் எந்த வேலையும், வெள்ளத்துக்கு இடம் ஒதுக்கும் வேலையும்கூட.

கணக்கு தெருவுக்கு வந்தபோது

2022 செப்டம்பர் 4 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை நகரில் 131.6 மில்லிமீட்டர் மழை. பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் சாலை, வெளிவட்டச் சாலை எல்லாம் மூழ்கின. பல கோடி ரூபாய் வீடுகளிலிருந்து மக்கள் படகில் வந்தார்கள். மென்பொருள் ஊழியர்கள் டிராக்டர் பெட்டியில் நின்று வேலைக்குப் போனார்கள். அதே மழையில் மண்டியா மாவட்டத்து டி.கே. ஹள்ளியில் காவிரி நீரை ஏற்றும் நிலையத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. வீட்டைச் சுற்றித் தண்ணீர், குழாயில் தண்ணீர் இல்லை என்ற நிலை பல பகுதிகளுக்கு வந்தது.

2023 மே 21. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். அரசு அலுவலகங்கள் சூழ்ந்த கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் கோடை மழை நீர் திடீரெனச் சேர்ந்தது. அதில் சிக்கிய காரிலிருந்த ஓர் இளம்பெண் உயிரிழந்தார். மேம்பட்ட சாலை என்று நாம் கட்டுவதில் மிகத் தாழ்ந்த புள்ளி சுரங்கப்பாதை. சுற்றியுள்ள கான்கிரீட்டின் நீர் எல்லாம் அங்கே கூட நிமிடங்களே போதும்.

2024 இன்னும் பெரிய பாடம். அந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, நகரம் குடிநீருக்குத் தவித்தது. ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111.1 மில்லிமீட்டர் கொட்டியது. ஜூன் மாதத்தின் எந்த ஒரு நாளிலும் அவ்வளவு மழை 133 ஆண்டுகளில் பெய்ததில்லை. அக்டோபரில் எலகங்காவின் கேந்திரிய விஹார் குடியிருப்பிலிருந்து மக்களைப் படகில் மீட்டார்கள்; 2021 நவம்பரிலும் அதே குடியிருப்பு மூழ்கியிருந்தது. வறட்சியும் வெள்ளமும் எதிரெதிர் நோய்கள் என்று நினைக்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. மண்ணுக்குள் இறங்காமல் ஓடிப்போன நீர்தான் ஜூனில் தெருவில் நிற்கிறது. அது இறங்காததால்தான் மார்ச்சில் கிணறு வற்றுகிறது.

தென்பெண்ணைக்குக் கீழே

இது பெங்களூருவோடு முடியும் கதை இல்லை. கிழக்குச் சரிவில் விழும் மழை பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டித் தட்சிண பினாகினியில் கலந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. பெங்களூருவில் கனமழை என்றால் அணைக்கு நீர்வரத்து கூடும். வெள்ளை நுரையும் கூடவே வரும். பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, விழுப்புரம், கடலூர், வங்கக் கடல்.

அணைகளும் சமவெளியும் உள்ள இந்தப் பகுதியில் நீர் ஆற்று வெள்ளமாக நடந்து வருகிறது; கரையோர மக்களுக்கு எச்சரிக்கை தர நேரம் கிடைக்கும். அந்த நேரமும் சில இரவுகளில் சுருங்கிப்போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் கொட்டியது. டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் கரையோர ஊர்கள் மூழ்கின. அது புயல் தந்த நீர். ஆனால் ஆறு ஒன்றே. தலைமாட்டில் ஒரு நகரம் நீரைக் காக்கவைக்க மறந்தால், கால்மாட்டில் இருக்கும் அணையின் சுமை அந்த அளவுக்குக் கூடும்.

காக்கவைக்கும் கலை

முன்னெச்சரிக்கையில் கர்நாடகம் நல்ல பணி செய்திருக்கிறது. மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் நகரம் முழுவதும் தானியங்கி மழைமானிகளை வைத்திருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து உருவாக்கிய 'பெங்களூரு மேகசந்தேஷா' செயலி, எந்தப் பகுதியில் எவ்வளவு பெய்கிறது, எங்கே நீர் தேங்கக்கூடும் என்று சொல்கிறது. சில கிலோமீட்டர் அகலமே உள்ள மேகத்தைப் பிடிக்க இப்படி நெருக்கமான கண்கள் தேவை.

எச்சரிக்கை உயிரைக் காக்கும்; வீட்டைக் காக்காது. அதற்கு நீரை நிறுத்த இடம் வேண்டும். 1986-லேயே, கர்நாடக அரசு அமைத்த லட்சுமண ராவ் குழு, எஞ்சியிருக்கும் ஏரிகளையும் அவற்றின் வாய்க்கால்களையும் காக்கச் சொன்னது. 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ராஜகாலுவேகளில், ஒரு பாலத்தடியில் வழி குறுகினாலும் அதற்கு மேற்புறம் முழுவதும் குளமாகும். ஆகவே அகலத்தை மீட்பது ஓர் இடத்தில் நின்றுவிடக் கூடாது. ஏரியிலிருந்து ஏரிவரை முழுச் சங்கிலியாக நடக்க வேண்டும். சாக்கடையை வாய்க்காலிலிருந்து பிரிக்க வேண்டும். சித்திரைக்கு முன்பே ஏரி மதகைத் திறந்து நீர்மட்டத்தை இறக்கி, கோடை மழைக்கு வெற்றிடம் வைத்திருக்க வேண்டும். பூங்காவும் பள்ளி மைதானமும் ஒரு மணி நேரம் நீரைத் தாங்கி மெல்ல விடும்படி அமைய வேண்டும். ஒவ்வொரு கூரையும் தன் மழையைத் தொட்டியிலோ மண்ணிலோ இறக்க வேண்டும். நூறு சதுர மீட்டர் மாடியில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். அவ்வளவு நீரை ஒரு வீடு பிடித்து வைத்தால், அந்த உச்சம் கூடும் நேரத்தில் தெருவில் அவ்வளவு குறையும்.

பெங்களூருவில் பல லட்சம் தமிழர்கள் வாழ்கிறோம். ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இதே கணக்குதான் நடக்கிறது. இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊரின் பழைய கிராம வரைபடத்தை எடுத்து, உங்கள் மாடியில் விழும் மழை எந்த வாய்க்காலில் இறங்கி எந்த ஏரிக்குப் போக வேண்டும் என்று தேடிப் பாருங்கள். அந்த ஏரியின் பெயரைக் கேட்டு, உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மடிவாளாக் கல்வெட்டை வெட்டியவர்களுக்கு அது தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.